பட்டிமன்றத்துக்குக் கேட்கிறேன்: தலைவர் போர்முனைக்குப் போனால் அங்கிருக்கும் பெண்ணுக்கு என்ன?

கோட்டையூர் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பட்டிமன்றம். தலைப்பு: ‘வெளிநாட்டுப் போர்முனையில் இருக்கும் வீரர்களைத் தலைவர்கள் போய்ப் பார்ப்பது பயனா, படப்பிடிப்பா?’ நான் ‘பயனே’ அணிக்குப் பொறுப்பு. பேச்சு எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை. 2003 நவம்பரில் புஷ் பாக்தாத் விமான நிலையத்தில் வான்கோழித் தட்டோடு நின்ற படம் இருக்கிறது, ஒபாமா ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில் தோல் ஜாக்கெட்டோடு பேசிய வீடியோ இருக்கிறது. ஆப்கானிஸ்தான் போர் தொடங்கிய அடுத்த மாதமே, 2001 நவம்பர் 17 அன்று, புஷ்ஷின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசினார். பயங்கரவாதத்தை எதிர்க்கும் போர் பெண்களின் உரிமைக்கும் கண்ணியத்துக்குமான போரும்தான் என்றார். அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒத்திகையில் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், அவங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் அந்த ஊர்ப் பொம்பளைங்க பயமில்லாம வேலைக்குப் போக முடிஞ்சுதா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்களேன்.

---

பழைய பேப்பர்:

டீச்சர், அணி மாறிவிடுங்கள். 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி பாக்தாத் ஷோர்ஜா சந்தையில் செனட்டர் மெக்கெய்ன் நடந்தார். நகரம் பாதுகாப்பாகி வருகிறது, பாருங்கள் என்று காட்டத்தான் அந்த நடை. உடம்பில் குண்டு துளைக்காத சட்டை, சுற்றி நூறு சிப்பாய்கள், தலைக்கு மேலே 3 பிளாக்ஹாக், 2 அப்பாச்சி ஹெலிகாப்டர். கூடப் போன மைக் பென்ஸ் (பின்னாளில் துணை அதிபர் ஆனவரேதான்) இந்தியானாவில் கோடைக்காலத்துச் சந்தை மாதிரி இருக்கிறது என்றார். கடைக்காரர்கள் மறுநாளே திட்டித் தீர்த்தார்கள். தேதி ஏப்ரல் 1. நான் ஒன்றும் சொல்லவில்லை.

---

சிவகங்கை சமையல்:

டீச்சரம்மா, நான் பக்ராமில் நாலரை வருஷம் சமையல் வேலை பார்த்தவன். 2010 கோடையில் போனேன், 2014 கடைசியில் திரும்பினேன். இப்போது ஊரில் கல்யாணச் சமையல். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்ராம் காபூலுக்கு வடக்கே 60 கிலோமீட்டர் இருக்கும். பர்வான் மாகாணம். நாலு பக்கமும் பனி மலை, நடுவில் ரஷ்யாக்காரன் காலத்து ஓடுபாதை, அதைச் சுற்றி ஒரு தாலுகா ஊர் அளவுக்குத் தளம். குப்பை எரிக்கிற புகை வாடை மட்டும் இருபத்து நாலு மணி நேரமும் இருக்கும். இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ் என்று எங்களைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தோம். சமையல், துணி துவைத்தல், கழிப்பறை சுத்தம், எல்லாம் நாங்கள்தான். அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனி ஒன்று, அது பிடித்த சின்னக் கம்பெனி ஒன்று, அதற்குக் கீழே ஏஜென்ட், அவனுக்குக் கீழே நான். என் சம்பளத்தில் யார் யார் கை வைத்தார்கள் என்பது தனிக் கதை.

நான் இருந்தபோது ஒபாமா மூன்று தடவை வந்தார். மூன்றும் இருட்டிய பிறகு. யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்களுக்குத் தெரிந்துவிடும். எப்படி என்றால், நெட் போய்விடும். பக்ராமில் திடீரென்று நெட் போனால் இரண்டே காரணம்தான். ஒன்று, சிப்பாய் யாராவது செத்திருப்பான். ராணுவம் வீட்டுக்குத் தகவல் சொல்லும் முன்னால் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அணைத்துவிடுவார்கள். இல்லையென்றால், பெரிய ஆள் யாரோ வருகிறார். நெட் போனதும் மெஸ் சூப்பர்வைசர் முகத்தைப் பார்ப்போம். அவன் மேஜைத் துணியை மாற்றச் சொன்னால் ஆள் வருகிறார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் மற்றது.

2010 டிசம்பர் 3-ஆம் தேதி வந்தபோது காற்றும் மேகமுமாக இருந்தது. காபூலுக்கு ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. 60 கிலோமீட்டரில் இருந்த ஆப்கன் அதிபர் கர்சாயிடம் ஃபோனில் பேசிவிட்டு, சிப்பாய்களிடம் கை குலுக்கிவிட்டு, வந்த விமானத்திலேயே திரும்பிவிட்டார். 2014 மே 25-ல் வந்தபோது கர்சாயைத் தளத்துக்கு வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை. நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு நம்மையே ‘வாங்க, உட்காருங்க’ என்று ஒருத்தன் கூப்பிட்டால் நாம் போவோமா?

சரி, பிள்ளை கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சலவைக்கூடத்தை ஒட்டித் தையல்கடை ஒன்று இருந்தது. அங்கே ஒரு ஆப்கன் அம்மா வேலை பார்த்தார். எல்லோரும் ‘காலா’ என்போம். அவர்கள் பாஷையில் அம்மாவுடைய அக்கா தங்கை. நமக்குப் பெரியம்மா, சித்தி. வயது நாற்பத்தைந்து இருக்கலாம், பார்த்தால் அறுபது சொல்வீர்கள். வீட்டுக்காரர் உள்நாட்டுச் சண்டையில் போய்விட்டார். சிப்பாய்களின் சட்டையில் பெயர்ப்பட்டை தைப்பதுதான் காலாவின் வேலை. இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. கோலம் போடுகிற மாதிரி எழுத்தைப் படமாகப் பார்த்து, தலைகீழாகப் போகாமல் தைப்பார். ஒரு தடவைகூடத் தப்பு வந்ததாக நான் கேட்டதில்லை.

ஊரில் அவர் சொல்லியிருந்தது, சாரிகார் பஜாரில் ஒரு வீட்டில் தைக்கிறேன் என்று. தளத்தில் வேலை என்று வெளியே தெரிந்தால் உயிர் போகும். உள்ளே நுழையும் பேட்ஜை எங்கே வைப்பது? நீல முக்காடு இருக்கிறதே, தலையிலிருந்து கால் வரை, அதன் கீழ் மடிப்புக்குள் ஒரு ரகசியப் பை தைத்து வைத்திருந்தார். தையல்காரி அல்லவா. வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தாலும் தெரியாது. ஒரு நாள் எனக்கு அதைப் பிரித்துக் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

உள்ளூர் ஆட்கள் காலை ஐந்து மணிக்கே கேட் வெளியே வரிசையில் நிற்பார்கள். பெண்கள் வரிசை தனி, இருபது முப்பது பேர் இருக்கும். அவர்களைச் சோதனை போடப் பெண் சிப்பாய் வந்தாக வேண்டும். அவர் வரும் வரை ரோட்டோரத்தில்தான் நிற்க வேண்டும். சாதாரண நாளில் அரை மணி, முக்கால் மணி. அந்த அரை மணிதான் காலாவுக்குப் பெரிய பயம். உள்ளே வந்துவிட்டால் கவலையில்லை, ராக்கெட் விழுந்தாலும் பங்கர் இருக்கிறது. வீட்டுக்குப் போனாலும் ஒருவாறு சமாளிக்கலாம். அந்த ரோட்டில் நிற்பதுதான். பால்காரன், டாக்ஸிக்காரன், ஆடு மேய்க்கிறவன் எல்லோரும் அந்த வழியாகத்தான் போவான்.

2012 மே 1-ஆம் தேதி ராத்திரி ஒபாமா வந்தார். காபூலில் கர்சாயோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்து விடிகாலை நாலு மணிக்கு டிவியில் பேசினார். அமெரிக்காவில் அப்போது ராத்திரி, சாப்பிட்டுவிட்டு டிவி பார்க்கிற நேரம். நாங்கள் விடிய விடிய காபி போட்டோம். அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் காபூலில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் கிரீன் வில்லேஜ் மேல் தாக்குதல், ஏழு பேர் செத்தார்கள். வந்தவர்கள் முக்காடு போட்டு வந்ததாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் முக்காடு போட்ட எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் துப்பாக்கி தூக்குகிற நிலைமை.

அன்று கேட் திறக்கவில்லை. திறக்கப்போவதில்லை என்று வெளியே நிற்பவர்களுக்கு யார் சொல்வது? ரகசியப் பயணம் அல்லவா, முந்தின நாளே சொல்ல முடியுமா? காலாவும் மற்றப் பெண்களும் அஞ்சு மணியிலிருந்து பத்து மணி வரை அந்த ரோட்டில் நின்றார்கள். ஐந்து மணி நேரம். பஜார் முழுக்கப் பார்த்துவிட்டுப் போனது. அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் திறந்தார்கள். இரண்டு நாள் கூலியும் கிடையாது.

பத்து நாள் கழித்து அந்த வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் வீட்டுக் கதவில் ‘ஷப்நாமா’ ஒட்டியிருந்தது. ராத்திரிக் கடிதம். வேலையை விடு, இல்லையென்றால் உன்னையும் உன் பிள்ளையையும் விட மாட்டோம் என்கிற மாதிரி இருக்கும், கீழே முத்திரை இருக்கும். அந்தப் பெண் அதோடு வரவில்லை. காலா நாலு நாள் வராமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் வந்தார். வீட்டில் ஐந்து வாய், வேறு வழி? ஆனால் அதற்கப்புறம் பையைப் பிரித்துக் காட்டிச் சிரிக்கிற வேலையெல்லாம் இல்லை.

ஒபாமா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நன்றாகப் பேசினார், பையன்கள் முகம் மலர்ந்து போனார்கள், கண்ணால் பார்த்தேன். வீட்டை விட்டு வந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தக் கைகுலுக்கல் பெரிது. ஆனால் அவர் பார்த்தது தளம். அந்த நாட்டிலேயே பாதுகாப்பு அதிகமான இடம் அதுதான்.

அங்கேயும் ஒன்று சொல்ல வேண்டும், மறந்துவிட்டேன். அமெரிக்கப் பெண் சிப்பாய்களுக்கு ராத்திரியில் தனியாகக் குளியலறைக்குப் போகாதே, துணையோடு போ என்று உத்தரவு. பாதை இருட்டு, குளியலறை தள்ளி இருந்தது. எங்கள் மெஸ்ஸுக்கு நடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரும் பெண்கள் இரண்டு பேராகத்தான் வருவார்கள். மதிலுக்கு உள்ளே தாலிபான் எங்கே இருந்தான்? யாருக்குப் பயந்து அந்த உத்தரவு என்று உங்கள் பிள்ளைகளே யோசித்துக்கொள்ளட்டும்.

---

மாம்பலம் மாமா:

சிவகங்கையாரே, மனசு கனத்துவிட்டது. ஆனாலும் டீச்சர் அணிக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் பாவம், மேடையில் முழிக்கும்.

லாரா புஷ் வானொலியோடு நிற்கவில்லை. 2005 மார்ச் 30-ல் காபூல் போனார். ஆறு மணி நேரம்தான் நாட்டில் இருந்தார் என்பது உண்மை. ஆனால் அதில் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிறுவனத்துக்குப் போனார், அப்புறம்தான் பக்ராமில் சிப்பாய்களோடு சாப்பிட்டார். 2008-ல் காபூலைத் தாண்டிப் பாமியான் மாகாணத்துக்கே போனார். தாலிபான் முதல் ஆட்சியில் பள்ளிக்கூடமே இல்லாத பெண் பிள்ளைகள் பிறகு லட்சக்கணக்கில் படித்தார்கள். 2004 அரசியல் சட்டத்தில் கீழ்ச்சபையின் 249 இடங்களில் 68 பெண்களுக்கு. நம் ஊரில் 33 சதவீதத்துக்கு எத்தனை வருஷம் இழுத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். 2009-ல் பெண்கள் மீதான வன்முறையைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது, குழந்தைத் திருமணம், பெண்ணைப் பகைக்கு ஈடாகக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். இதற்கெல்லாம் பணமும் நெருக்குதலும் எங்கிருந்து வந்தது? தலைவர்கள் போய்ப் பார்த்த நாடு என்பதால்தான். எட்டிப் பார்க்காத நாட்டை எந்த நாடாளுமன்றமும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

---

சிவகங்கை சமையல்:

மாமா சொல்வதில் பாதி சரி. காலாவின் பெண் படித்தாள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். பத்தாவது முடித்து, பிரசவம் பார்க்கும் நர்ஸ் படிப்புக்குப் போகப் போகிறாள் என்று ஒரு ரம்ஜானுக்குப் பாதாம், திராட்சையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பீஸ் எங்கிருந்து வந்தது? பெயர்ப்பட்டையிலிருந்துதான்.

---

ஷஹ்ராரா:

நான் பெரும்பாலும் இங்கே வாசிக்க மட்டும் வருவேன். சிவகங்கை அண்ணா எழுதியதைப் பார்த்து எழுதத் தோன்றியது.

2011 முதல் 2013 வரை காபூலில் இருந்தேன். கணக்கு வழக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஷஹ்ராரா பகுதியில் பெண்களுக்கு மட்டுமான பழைய தோட்டம் ஒன்று உண்டு, பாகே ஸனானா என்பார்கள். சுற்றி உயரமான மதில், ஆண்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே நுழைந்ததும் பெண்கள் முதலில் செய்வது முக்காட்டைத் தூக்கி மடித்து வைப்பதுதான். அப்புறம் பார்த்தால் ஊஞ்சல், டீ, கத்தல். விதவைப் பெண்களுக்கு இந்தியாவின் சேவா அமைப்பு தையல், ஊறுகாய், ஜாம் போடுவது என்று பயிற்சி கொடுத்தது இங்கேதான். என் வகுப்புக்கு வருகிறவர்களும் அங்கே வருவார்கள்.

வெளிநாட்டிலிருந்து குழுக்கள் வரும். ‘பெண்கள் நிலை’ பார்க்க வருவார்கள். வருகிறவர்கள் நல்லவர்கள்தான், அழுதுவிடுபவர்கள்கூட உண்டு. ஆனால் எப்படி வருவார்கள்? கறுப்புக் கண்ணாடி போட்ட கவச வண்டி நாலு, முன்னும் பின்னும் துப்பாக்கி, தெரு அடைப்பு. அரை மணி நேரம் இருப்பார்கள். போன மறுநாள் என் வகுப்பில் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஒரு பெண் எனக்கு விளக்கினாள்: “இந்த மதில் எங்களுக்குப் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் அக்கறை இல்லாதவரை போதும். அமெரிக்காக்காரன் வண்டி வாசலில் நின்றால் அக்கறை வந்துவிடும்.” அண்ணா சொன்ன ரோட்டு வரிசைதான் அதுவும்.

மாமாவுக்கு ஒரு விஷயம். 2009 சட்டம் கர்சாயின் ஆணையாக வந்தது. 2013-ல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனபோது பழமைவாதிகள் போட்ட கூச்சலில் விவாதம் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துபோனது. அப்போது நான் அங்கேதான் இருந்தேன். என் வகுப்பில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அன்று மின்சாரம் வரவில்லை என்பதுதான் பெரிய பேச்சு. 2015 மார்ச்சில் ஃபர்குந்தா என்ற இளம்பெண்ணைக் காபூல் நடுவில், காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கும்பல் அடித்தே கொன்றது. அவள் சவப்பெட்டியைப் பெண்களே தோளில் சுமந்தார்கள். சட்டம் இருந்த ஊர்தான் அது.

2019 நவம்பர் 28-ல் டிரம்ப் பக்ராம் போய் வான்கோழி பரிமாறினார். தாலிபானோடு நின்றுபோன பேச்சு மறுபடி நடக்கிறது என்று சொன்னதும் அந்தப் பயணத்தில்தான். இரண்டு வாரத்தில், டிசம்பர் 11 அன்று, தளத்துக்கு வெளியே ஊர் மக்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் குண்டு வெடித்தது. மூன்று மாதத்தில், 2020 பிப்ரவரி 29-ல், அமெரிக்காவும் தாலிபானும் போட்ட தோஹா ஒப்பந்தம். அதன் வாசகத்தைத் தேடிப் படித்துப் பாருங்கள். படை எப்போது போகும், கைதிகள் எத்தனை பேர், எல்லாம் இருக்கிறது. பெண் என்ற சொல் இல்லை.

டீச்சர், உங்கள் மாணவி எந்த அணி?

---

கோட்டையூர் டீச்சர்:

அவள் என் அணிதான். அதுதான் சிக்கல். நேற்று இதையெல்லாம் வகுப்பில் வாசித்தேன். காலா பேட்ஜுக்குப் பை தைத்த இடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் சத்தமே இல்லை.

அவள் அணி மாறுவதாக இல்லை. “பயன் இருக்கிறது, ஆனால் யாருக்கு என்று கேட்கலாமில்லையா?” என்கிறாள். நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சிவகங்கை அண்ணா, காலா இப்போது எப்படி இருக்கிறார்? மேடையில் அவரைப் பற்றிப் பேசலாமா?

---

சிவகங்கை சமையல்:

2014 மே 25-ல் ஒபாமா வந்தார் என்றேனே, இரண்டு நாள் கழித்து வருஷக் கடைசிக்குப் பிறகு 9,800 பேர்தான் இருப்பார்கள் என்று அறிவித்தார்கள். சிப்பாய் குறைந்தால் சட்டை குறையும், சட்டை குறைந்தால் பெயர்ப்பட்டை குறையும். எங்கள் மெஸ் மூடுவதற்கு முன்னாலேயே தையல்கடையை மூடினார்கள். போகும்போது கர்னல் கையெழுத்துப் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று எல்லோருக்கும் கொடுத்தார்கள், எனக்கும் காலாவுக்கும் ஒரே மாதிரி. பெயர் மட்டும் வேறு. என்னுடையது சிவகங்கையில் ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது, சாமி படத்துக்குப் பக்கத்தில்.

2021 ஜூலையில் ராத்திரியோடு ராத்திரியாக விளக்கை அணைத்துவிட்டுத் தளத்தைக் காலி செய்தார்கள். ஆகஸ்டில் காபூல் விழுந்தது. செப்டம்பரில் காலாவின் மகன் ஃபேஸ்புக்கில் என்னைத் தேடிப் பிடித்து எழுதினான், எழுத்துப் பிழையோடு இங்கிலீஷில். அமெரிக்க விசாவுக்கு மனுப் போட வேண்டும், அம்மா தளத்தில் வேலை பார்த்ததற்குக் கம்பெனிக் கடிதம் கேட்கிறார்கள், பேட்ஜ் கேட்கிறார்கள், அதிகாரி சிபாரிசு கேட்கிறார்கள் என்றான். பேட்ஜும் பத்திரமும் எங்கே என்று கேட்டேன். தாலிபான் வந்த வாரம் அம்மா இரண்டையும் ரொட்டி சுடும் தந்தூரில் போட்டு எரித்துவிட்டார் என்றான். வீடு வீடாகச் சோதனை வருகிறது என்று பேச்சு. எரிக்காமல் வேறென்ன செய்வது?

கம்பெனியைத் தேடினேன். பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியைக் கேள் என்றது. சின்னக் கம்பெனியின் மின்னஞ்சல் திரும்பி வந்தது. ஏஜென்ட் நம்பரில் வேறு யாரோ எடுத்தார். என்னிடம் படம் ஏதாவது இருக்கிறதா என்று காலாவின் மகன் கேட்டான். தளத்துக்குள் படம் எடுக்கக் கூடாது, மீறி எடுத்ததில் எல்லாம் நானும் என் கூட்டாளிகளும்தான். ஒன்றில் மட்டும் பின்னால் தையல் மிஷின் தெரிகிறது, ஒரு கை தெரிகிறது. அதை அனுப்பினேன். நான் சமையல்காரன், என் கடிதம் செல்லாது, ஆனாலும் ஒன்று எழுதி ஸ்கேன் செய்து அனுப்பினேன். தங்கை படிப்பு நின்றுவிட்டது என்று ஒரு தடவை எழுதினான். அப்புறம் அந்தக் கணக்கே இல்லை.

பிள்ளை மேடையில் தாராளமாகப் பேசட்டும். காலாவின் ஊர்ப் பேரை நான் இங்கே சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் கடை சிவகங்கையில்தான், அந்தப் பிள்ளை வீட்டில் விசேஷம் என்றால் கூப்பிடச் சொல்லுங்கள். ரேட்டைப் பார்த்துச் செய்துகொள்ளலாம்.